நகையும் உறவும்: பூர்வாசார்யர் மரபில் பரிஹாஸம்

குருபரம்பரை நூல்கள் காத்துவைத்துள்ள சிலேடைகளுள், கூரத்தாழ்வான் சோழன் சபையில் எழுதிய சிலேடைக்குக் கொடுக்கப்பட்ட விலை வேறெதற்கும் கொடுக்கப்படவில்லை. எம்பெருமானாரைத் தேடி அரசனின் ஏவலர் வந்தபோது, அவருடைய காஷாயத்தைத் தாம் தரித்துக்கொண்டு ஆழ்வான் சபைக்கு எழுந்தருளினார். முதிர்ந்த பிராயத்தவரான பெரிய நம்பியும் உடன் சென்றார். சிவத்தினும் மேற்பட்டது இல்லை என்று வரைந்த ஓலையில் கையெழுத்திடுமாறு அரசன் நிர்ப்பந்தித்தான். ஆழ்வான் அதனை வாங்கி, அதற்கு மேல் துரோணம் உண்டு என்று எழுதிக் கொடுத்தார். சிவம் என்பது குறுணி என்னும் முகத்தலளவைக்கும் பெயர்; துரோணம் என்பது பதக்கு. இரண்டு குறுணி கொண்டது ஒரு பதக்கு. நெல் அளந்து பழகிய எவரும் மறுக்கமுடியாத கணக்கு அது.

அரசன் சினந்தான். ஆழ்வானும் பெரிய நம்பியும் கண்களை இழந்தனர். பெரிய நம்பி திருவரங்கம் திரும்பும் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். ஆறாயிரப்படி முதலிய நூல்கள் கிருமிகண்ட சோழன் என்று குறிக்கும் அவ்வரசன் முதற் குலோத்துங்கனா (1070–1122), இரண்டாம் குலோத்துங்கனா (1133–1150), வேறொருவனா என்பதில் வரலாற்று ஆசிரியர்கள் ஒருமைப்படவில்லை. இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு அவ்விவாதம் வேண்டுவதன்று. வேண்டுவது வேறொன்று. ஸ்ரீவைஷ்ணவ கோஷ்டியில் இச்சரித்திரத்தைச் சொல்லும்போது, குறுணியும் பதக்கும் வருமிடத்தில் ஒரு மெல்லிய நகை எழும். அதே எழுத்து அச்சபையில் ஒருவரையும் நகுவித்ததாக நூல்கள் சொல்லவில்லை. ஒரே வாக்கியம் ஓரிடத்தில் நகையாகவும் ஓரிடத்தில் அபராதமாகவும் ஆனது எதனால்?

அரசன் சிலேடை அறியாத மூடன் என்று உபந்யாஸங்களில் சில வேளை கூறப்படுவதுண்டு. அது பொருந்தாது. விளங்காத சொல்லுக்கு ஒருவன் கண்ணைப் பறிக்கமாட்டான். அவையோர் நன்றாகவே விளங்கிக்கொண்டனர், விளங்கியதனாலேயே சினந்தனர். நகாதவனை விளங்காதவன் என்று தள்ளிவிடுவது எளிது. ஆயின் நகைச்சுவை ஏன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்னும் வினாவுக்கு அது விடையாகாது.

பழைய இலக்கணங்கள் இவ்வினாவுக்கு ஓரளவு வழிகாட்டுகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்தது. எள்ளுதலும், இளமையும், பேதைமையும், மடமையும் அதன் நிலைக்களங்கள் என்றது. உரை வகுத்த பேராசிரியர் இவற்றை இருமருங்கும் வைத்துக் காட்டுகிறார். ஒருவன் பிறரை எள்ளி நகுவதும் உண்டு. பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவதும் உண்டு. பரத முனிவரும் தன்னிடத்தே பிறக்கும் ஹாஸ்யம், பிறரிடத்தே பிறக்கும் ஹாஸ்யம் என்று இரண்டு கூறினார். மேலும் ஸ்மிதம் தொடங்கி அதிஹஸிதம் ஈறாக ஆறு வகைச் சிரிப்பை வகுத்து, உத்தமர், மத்யமர், அதமர் என்னும் மூவர்க்கும் இரண்டிரண்டாகப் பங்கிட்டார். பல் தோன்றாமல் முறுவலிப்பவன் உத்தமன். உடல் குலுங்கக் கண்ணீர் சோரச் சிரிப்பவன் அதமன். நாட்ய சாஸ்த்ரத்துக்கு உரை கண்ட அபிநவகுப்தர் இன்னும் ஆழச் சென்று, அநௌசித்யமே, அதாவது பொருந்தாமையே, ஹாஸ்யத்துக்கு வித்து என்றார். எந்த ரஸமும் பொருந்தா இடத்தில் தோன்றினால் ஹாஸ்யமாக மாறும் என்பது அவர் கொள்கை.

பொருந்தாமையே வித்து என்றால், பொருத்தம் எது என்பதில் ஒத்த கருத்துடையவர்களே ஒன்றாக நகமுடியும். சோழன் சபைக்கு, அரசன் நீட்டிய ஓலையில் நெல்லளவையின் பெயர் வந்து விழுந்தது பொருந்தாமை. ஆழ்வானுடைய கோஷ்டிக்கு, பரதத்துவ நிர்ணயத்தை வாள்முனையில் கையெழுத்தாக வாங்க நினைத்ததே பொருந்தாமை. அளவைப் பெயர் அதற்குப் பொருத்தமான விடை. இரு சாராரும் ஒரு கோணலைக் கண்டனர். கோணல் இருந்த இடந்தான் வேறு.

இச்சிலேடை ஒரு தெய்வத்தை எள்ளியது ஆகாதா என்ற வினாவும் எழும். அதனைத் தட்டிக்கழிப்பது நேர்மையன்று. எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், அது ஒரு சொல்லைத் தத்துவ விசாரத்திலிருந்து களத்துமேட்டுக்கு இறக்குகிறது. அங்கு எள்ளப்பட்டது நிர்ப்பந்தித்து வாங்கும் சம்மதம். எழுதியவர் நெஞ்சில் பகைமை இருந்ததா என்பதற்கு அவருடைய பிற்காலச் செய்கையே சான்று. ஆழ்வானைப் பிடித்துக் கையெழுத்து வாங்கச் சொல்லி அரசனைத் தூண்டியவன் நாலூரான். பின்னர்க் காஞ்சியில் வரதராஜ ஸ்தவம் அருளிச்செய்து பேரருளாளன் உகந்து நின்றபோது, இழந்த கண்ணை வேண்டாமல், தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று ஆழ்வான் பிரார்த்தித்தார். எள்ளலால் பிறந்த நகையாயின் அவனுக்கு இந்த இடம் கிடைத்திராது.

ஆழ்வானின் திருக்குமாரர் பராசர பட்டரிடம் இந்த நகை வேறு வேறு வடிவம் கொள்கிறது. சிறுபிராயத்தில் அவர் திருவரங்கத்து வீதியில் விளையாடிக்கொண்டிருக்க, ஸர்வஜ்ஞ பட்டன் என்று விருது கூறிக்கொண்டு ஒரு வித்வான் பல்லக்கில் வந்தான். எல்லாம் அறிந்தவன் என்றால் இது எவ்வளவு சொல்லும் என்று பட்டர் ஒரு பிடி மண்ணை அள்ளி நீட்டினார். மணலை எண்ணமுடியாமல் அவன் திகைத்தான். ஒரு பிடி மண் என்று சொல்லத் தெரியவில்லையே என்று பிள்ளை நகைத்தது. பேராசிரியர் கூறிய இளமையும் பேதைமையும் இங்கு இடம் மாறி நிற்கின்றன. இளையவன் தெளிந்திருக்கிறான், விருது சூடியவன் பேதையாகிறான். விடை கடினமாக இருந்து அவன் தோற்கவில்லை. தன் விருதுக்குத் தக்கதொரு கடினத்தை அவனே அவ்வினாவில் ஏற்றிக்கொண்டான். விருதின்றி வந்திருந்தால் ஒரு பிடி என்று சொல்லிப் போயிருப்பான், நகைக்கும் இடமிருந்திராது.

வயது வந்த பட்டரின் பரிஹாஸம் பெரும்பாலும் தம்மேல் திரும்பியது. ஸந்நிதிக்குள் ஒரு நாய் புகுந்துவிட, அர்ச்சகர்கள் ஸம்ப்ரோக்ஷணத்துக்கு ஏற்பாடு செய்தனர். பட்டர் ஓடிவந்து, நாள்தோறும் தாம் உள்ளே புகுவதற்கு ஒருவரும் ஸம்ப்ரோக்ஷணம் செய்யவில்லையே, என்றோ ஒரு நாள் புகுந்த நாய்க்கு ஏன் என்று விண்ணப்பித்தார். மற்றொரு முறை, ஒருவன் பலர் முன்னிலையில் தம்மை வைதபோது, தம் மேலிருந்த சால்வையையும் ஆபரணத்தையும் அவனுக்கு அளித்தார். எம்பெருமான் குணங்களையும் தம் குற்றங்களையும் சொல்வது ஸ்ரீவைஷ்ணவனுக்குக் கடமை; முதலாவதில் மூழ்கி இரண்டாவதை மறந்திருந்த தமக்கு அவன் உபகாரம் செய்தான் என்பது அவர் சொன்ன காரணம். எள்ளப்பட்டவன் தானே நகுவது என்று பேராசிரியர் கூறியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. வைதவன் நிலை என்னவாயிருக்கும் என்று நினைத்தால் சற்று இரக்கமும் தோன்றுகிறது. ஊர் அவனை அடித்திருந்தாலும் அவன் வசவு வசவாகவே நின்றிருக்கும்.

இவ்வளவும் ஆசார்யர்களின் வாழ்வில் நிகழ்ந்தவை. அருளிச்செயலுக்குப் பொருள் காணும் இடத்திலும் இதே வினா எழுந்தது. பெரியாழ்வார் திருமொழி இரண்டாம் பத்தின் முதல் திருமொழியில், கண்ணன் அப்பூச்சி காட்டி விளையாடுவது பாடப்படுகிறது. ஒரு நாள் அரையர் இதனை அபிநயிக்கையில், கண்ணிமைகளை மடித்துப் பயமுறுத்திக் காட்டினார். பிள்ளைகள் ஒருவரையொருவர் வெருட்டும் இயல்பான விளையாட்டு அது. எம்பெருமானாருக்குப் பின்னே அமர்ந்திருந்த எம்பார், தம் திருக்கைகளைத் தோள்மேல் வைத்துச் சங்க சக்கரங்களைக் காட்டுவதுபோல் ஸைகை செய்தார். அரையர் அதனைக் கண்டு மறுமுறை அவ்வாறே அபிநயித்தார். எம்பெருமானார் திரும்பிப் பார்த்து, இருந்தவர் எம்பாரே என்று அறிந்தார்.

அரையர் காட்டியது பிழையன்று. இமை மடிப்பதை எந்த ஊரில் எந்தப் பிள்ளையும் கண்டு அஞ்சி, பின் சிரிக்கும். எம்பார் காட்டியதோ திருவாய்ப்பாடிக்கே உரிய விளையாட்டு. சங்க சக்கரங்களோடு கூடிய நான்கு திருத்தோள்கள் வைகுந்தத்தில் நித்யஸூரிகளுக்கு நித்யாநுபவம். அவர்கள் அதைக் கண்டு வெருளமாட்டார்கள், சிரிக்கவுமாட்டார்கள். கூடவே ஆடித் திரிந்த பிள்ளை, இரண்டு கையுடையவன் என்று நம்பியிருந்த பிள்ளை, திடீரென்று நான்கு கையோடு நின்றால் ஆயர்ச் சிறாருக்கு அது பூச்சாண்டி. பரத்வமே அங்கு வேடமாகிவிடுகிறது. விக்ருத வேஷம் ஹாஸ்யத்துக்குக் காரணம் என்றார் பரதர். மெய்யான வடிவமே விக்ருத வேஷமாகத் தோன்றும் அளவுக்கு நெருங்கியவர்கள் திருவாய்ப்பாடியார் என்பதை எம்பாரின் ஸைகை சொல்லாமல் சொல்லிற்று. வேதாந்தத்தில் பரத்வம், ஸௌலப்யம் என்று பிரித்துப் பேசப்படுவதை ஒரு கணத்தில் கையால் காட்டிய வ்யாக்யானம் இது.

சிரிப்பை உத்தமர், மத்யமர், அதமர் என்று ஆளின் தரத்தால் பரதர் பிரித்தார். பூர்வாசார்யர் ஐதிஹ்யங்களில் அந்தப் பிரிவுக்கு வேலையில்லை. அங்கு ஆராயப்படுவது ஸம்பந்தம். யார் யாருக்கு என்ன உறவில் நின்று சொல்கிறார் என்பது தெரிந்தால் அது நிந்தையா நகையா என்பதும் தெரிந்துவிடும். பிள்ளை லோகாசார்யர் நவவித ஸம்பந்தத்தில் எம்பெருமானைத் தந்தையாகவும், ரக்ஷகனாகவும், சேஷியாகவும், பர்த்தாவாகவும் எண்ணிக்காட்டினார். இவ்வொன்பதும் ஒரே ஆத்மாவுக்கு உள்ளவை. ஆயினும் பேசும் உரிமை ஒவ்வொன்றிலும் வேறு. சேஷியிடம் வாய்திறக்க அஞ்சுகிற அதே நா, பர்த்தாவிடம் ஊடிப் பேசும். வடக்கே ரூப கோஸ்வாமி 1541-இல் பக்திரஸாம்ருத ஸிந்துவை நிறைவு செய்து, ஹாஸ்யத்தைக் கௌணமான பக்தி ரஸங்களுள் ஒன்றாக இலக்கணப்படுத்தினார். தென்னாட்டு ஆசார்யர்கள் அத்தகைய இலக்கணம் வகுப்பதைவிட, ஐதிஹ்யங்களிலும் வ்யாக்யானங்களின் தொனியிலும் இதனை வைத்துச் சென்றனர்.

அத்தொனிக்கு மிகச் சிறந்த இடம் பெரிய திருமொழியில் திருவிந்தளூர்ப் பதிகம். ஸேவிக்க ஆசைப்பட்டு வந்த திருமங்கையாழ்வாருக்கு எம்பெருமான் திருமேனியைக் காட்டவில்லை. கதவு அடைத்திருந்தது என்பர். ஆழ்வார் அழவில்லை. அடியார்களின் தராதரம் அறிவதில் நீர் வல்லவர் என்று அவன் திறமையைக் கொண்டாடி, உம் திருமேனியை நீரே கண்டு நீரே வாழ்ந்துகொள்ளும் என்ற பொருள்பட வாழ்த்திவிட்டார். எழுத்தில் வாழ்த்து, கருத்தில் ஊடல். எதிர்மறைப் பொருளை நேர்ச்சொல்லால் உணர்த்தும் இதனை விபரீத லக்ஷணை என்று ஆலங்காரிகர் கூறுவர். அந்தப் பெயரைத் தெரிந்துகொண்டதனால் மட்டும் அச்சொல்லின் சுவை தெரிந்துவிடாது. காட்டாமல் ஒளிப்பவன் காட்டியே தீரவேண்டியவன் என்னும் உரிமை நெஞ்சில் இருந்தாலன்றி, வாழ்த்து வாழ்த்தாகவே காதில் விழும். அல்லது வெறும் வசையாக விழும். இரண்டும் தவறு.

பத்தாம் பத்தில் அதே ஆழ்வார் தோற்ற ராக்ஷஸர்களின் குரலை ஏற்று, பொங்கத்தம் பொங்கோ, குழமணிதூரம் என்னும் கூத்துக்களை ஆடச்செய்கிறார். ராமன் வெற்றியை வென்றவர் பாடுவதைவிடத் தோற்றவர் ஆடிப்பாடுவது சுவை மிக்கது என்று கண்டவர் அவர். நம்மாழ்வாரும் நாயகி நிலையில், காலம் கடந்து வந்த தலைவனைக் கடிந்து, தம் விளையாட்டுக் கருவிகளைத் தந்துவிட்டு வேறிடம் போகச் சொல்கிறார். வ்யாக்யாதாக்கள் இதனை ப்ரணய ரோஷம் என்பர்.

வாய்மொழியில் சொல்லப்பட்ட வ்யாக்யானங்கள் ஏட்டில் ஏறிப் பின் அச்சில் ஏறியபோது, குரலும் முகமும் பின்தங்கிவிட்டன. நம்பிள்ளையின் காலக்ஷேபத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை பட்டோலை கொண்டதே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அதில் இறே, காணும் என்னும் சிறு சொற்கள் வரும் இடங்களைக் கூர்ந்து நோக்கினால், சொன்னவர் எங்கு முறுவலித்தார் என்பது ஓரளவு தோன்றும். வேகமாக வாசிப்பவர் இச்சொற்களை அசை என்று தள்ளிவிடுகின்றனர். வ்யாக்யானம் வறண்டது என்ற குறைகூறலுக்குப் பாதிக் காரணம் இந்த வாசிப்பே.

உறவு அறியாத இடத்தில் இந்த நகை எப்படி மாறும் என்பதற்கு அண்மைக் காலமும் சான்று தருகிறது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் புராணக் கதைகளைப் பகடி செய்த மேடைகள் பல. வெண்ணெய் திருடியதும், ஊடலும், இரு நாச்சிமாரிடையே அகப்பட்டதும் அங்கும் சிரிப்பை விளைத்தன. அவர்கள் எடுத்துக்கொண்ட செய்திகள் பெரும்பாலும் அருளிச்செயலில் உள்ளவையே. வெண்ணெய்க் களவைப் பெரியாழ்வாரைவிட மிகுதியாகப் பேசி நகைத்தவர் யார்? செய்தி ஒன்று, நின்ற இடம் வேறு. அந்த மேடைகளுக்கு அஞ்சி, உத்ஸவங்களில் உள்ள பரிஹாஸத்தையெல்லாம் தத்துவமாக மட்டும் விளக்கி நகையை ஒளிக்க முயல்வோர் சிலர் உளர். அவர்கள் எதிரியின் அளவுகோலையே ஏற்றுக்கொண்டவர்கள்.

ஒளிக்க முடியாத இடம் திருவரங்கத்துப் பங்குனி உத்தரம். நம்பெருமாள் ப்ரஹ்மோத்ஸவத்தின் ஆறாம் திருநாளில் உறையூருக்கு எழுந்தருளிக் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளுகிறார். உத்தரத்தன்று ஸ்ரீரங்கநாச்சியார் ஸந்நிதிக்கு வந்தால் கதவு சாத்தப்படுகிறது. பூப்பந்தும் வாழைமட்டையும் எதிர்கொள்கின்றன. இரு பக்கத்துக்கும் கைங்கர்யபரர்கள் நின்று ப்ரணய கலஹ வாசகத்தை வாசிக்கின்றனர். திருமுகத்தின் வாட்டத்துக்கும், குழல் கலைந்ததற்கும், திலகம் கரைந்ததற்கும் நம்பெருமாள் தரப்பில் ஒவ்வொரு ஸமாதானம் சொல்லப்படுகிறது. நாச்சியார் நம்பவில்லை. பெருமாள் ஸத்யம் செய்ய முன்வருகிறார். கடலில் முழுகுகிறேன் என்கிறார்; ப்ரளய வெள்ளத்திலேயே துயில்பவருக்குக் கடல் ஒரு பொருட்டா என்று விடை வருகிறது. பாம்புக் குடத்தில் கையிடுகிறேன் என்கிறார். பாம்பையே படுக்கையாகக் கொண்டவருக்கு அதில் என்ன அச்சம்? நெய்க்குடத்தில் கையிடுவதாகவும் சொல்லிப் பார்க்கிறார். திருவாய்ப்பாடியில் அதைத் தவிர வேறென்ன தொழில் இருந்தது?

இந்த வாசகத்தின் சுவை முழுவதும் கேட்போரின் ஞானத்தில் இருக்கிறது. அநந்தசயனம் அறியாதவனுக்குப் பாம்புக் குடம் வெறும் பாம்புக் குடம். வேதாந்திகள் எவற்றைக் கொண்டு பரத்வத்தை நிலைநாட்டுகிறார்களோ, அவையே அன்று அவருக்கு எதிரான சாட்சிகளாகின்றன. மனிதர் செய்யும் சத்தியம் ஒன்றும் அவருக்குப் பயன்படாதபடி அவர் பெருமையே தடுக்கிறது. கூடியிருக்கும் ஸேவார்த்திகளுள் பாமரர் ஊடலைக் கண்டு சிரிப்பர். ப்ரமாணங்களை ஓதியவர் ஒவ்வொரு விடைக்கும் பின்னுள்ள ப்ரமாணத்தை நினைத்துச் சிரிப்பர். பின்னவருக்குச் சிரிப்பு சற்று முந்தியும் வந்துவிடும். கடல் என்ற சொல் வந்தவுடனேயே மறுமொழி அவர் நெஞ்சில் தயாராகிவிடுகிறது.

முடிவில் நம்மாழ்வார் எழுந்தருளி ஸமாதானம் செய்துவைக்க, கதவு திறந்து, ஆண்டுக்கொருமுறை நிகழும் சேர்த்தி ஆகிறது. எம்பெருமானார் சரணாகதி கத்யத்தை விண்ணப்பித்ததும் ஒரு பங்குனி உத்தரத்தில், இந்தச் சேர்த்தியின் முன்பேதான். மட்டையடியைக் கண்டு சிரித்த அதே கோஷ்டி அன்றைக்கே அங்கு கைகூப்பி நின்று கத்யத்ரயம் ஸேவிக்கிறது.